சின்னத் தாத்தாவின் பெருத்தேல்

போன வாரம் பரணை ஒழித்தபோது ஒரு தோல் வார் கிடைத்தது. இரண்டு விரல் அகலம், ஒரு முனையில் பித்தளைக் கொக்கி, மறு முனையில் இரட்டைக் குமிழ். பேரன் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது பெல்ட்டா? யாருக்கு இவ்வளவு பெரிய இடுப்பு?" என்றான். "பெல்ட் இல்லடா, பெருத்தேல்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவன் படிப்பது இங்கிலீஷ் பள்ளியில். எங்கள் வீட்டில் அது அன்றாடச் சொல். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொள்ளும் வாருக்குப் பிரெஞ்சில் 'ப்ரெத்தேல்' என்று பெயர். அது எங்கள் அம்மா வாயில் 'பெருத்தேல்' ஆகிவிட்டது. அம்மா கடைசிவரை அதைத் தமிழ்ச் சொல் என்றே நினைத்திருந்தார்.

பரணில் கிடைத்தது இரண்டாவது வார். முதலாவதை நான் தொலைத்தேன். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டில் துப்பாக்கி எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்பா சொல்தா இல்லை. புதுச்சேரி என்றாலே பிரெஞ்சுப் பென்ஷன், சைகோன் பெட்டி, மெடல் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்பா பொதுப்பணியில் ஒரு சாதாரண கொம்மி, அதாவது குமாஸ்தா. நானும் பின்னாளில் அதே வேலைக்குத்தான் போனேன். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. அப்போது ஊர் திரும்பிய பிரெஞ்சு எஞ்சினியர் ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றார். மேசை, நாற்காலி, பீங்கான் எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, அப்பா ஒரு சைக்கிளையும் ஒரு வேட்டைத் துப்பாக்கியையும் வாங்கிவந்தார். இரண்டும் ஒரே கம்பெனியின் சரக்கு. பிரான்சில் சேன்த் எத்தியேன் என்னும் ஊரிலிருந்த மனுஃப்ரான்ஸ் கம்பெனி அது. சைக்கிளின் பெயர் இரோந்தேல், அதாவது தகைவிலான் குருவி. துப்பாக்கியின் பெயர் ரோபுஸ்த். இரட்டைக் குழல், 16 காலிபர்.

இந்தக் கம்பெனியைப் பற்றி என் வயதுள்ள புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. எத்தியேன் மிமார், பியேர் பிளஷோன் என்னும் இருவர் 1885இல் தொடங்கியது. துப்பாக்கி, சைக்கிள், தையல் மெஷின், தூண்டில், அடுப்பு என்று எல்லாவற்றையும் தடிமனான ஒரு கேட்டலாகில் படம் போட்டு, தபாலிலேயே விற்றார்கள். 'லெ ஷசேர் ஃப்ரான்சே' என்று ஒரு வேட்டைக்காரர் பத்திரிகையும் அவர்களுடையதுதான். அதில் வேட்டையைவிடக் கல்யாண விளம்பரங்களுக்குத்தான் பேர் அதிகம். அப்பாவிடம் பழைய கேட்டலாக் ஒன்று இருந்தது. நான் பிரெஞ்சு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதில் பாதி பள்ளிக்கூடத்தில், மீதி அந்தக் கேட்டலாகில்.

அதில் அப்பா அடிக்கடி திருப்பிப் பார்க்கும் பக்கம் ஒன்று உண்டு. 'ப்ரெத்தேல் ஒத்தோமத்திக்', தானியங்கி வார். துப்பாக்கியின் மரத்தண்டுக்குள் சுருள்வில் வைத்த ஓர் உருளை. வாரை இழுத்தால் தண்டிலிருந்து வெளியே வரும். குழலுக்கடியில் உள்ள வளையத்தில் மாட்டிக்கொள்ளலாம். கழற்றி விட்டால் தையல்காரர் நாடாவைப் போல உள்ளே ஓடிச் சுருண்டுகொள்ளும். சுடும்போது வார் கையில் இடறாது. எங்கள் ரோபுஸ்தில் அந்த வசதி கிடையாது. குழலுக்கடியில் ஒரு வளையம், தண்டுக்கடியில் ஒரு வளையம், அவ்வளவுதான். "அந்த வில்லு மட்டும் இருந்திருந்தா..." என்று அப்பா பெருமூச்சு விடுவார்.

அந்த இரண்டு வளையங்களுக்குள்ளேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. பழைய இங்கிலீஷ் வேட்டைத் துப்பாக்கிகளைப் பார்த்திருந்தால் தெரியும், பெரும்பாலானவற்றில் வளையமே இருக்காது. இங்கிலீஷ்காரப் பிரபு வேட்டைக்குப் போனால் ஓரிடத்தில் நின்றுகொள்வார். ஆட்கள் புதரைத் தட்டிப் பறவையை அவர் பக்கம் ஓட்டுவார்கள். தோட்டா நிரப்பித் துப்பாக்கியைக் கையில் கொடுக்கவும் ஓர் ஆள் உண்டு. தோளில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. பிரெஞ்சு வேட்டைக்காரன் அப்படியில்லை. ஒரு நாய், ஒரு பை, ஒரு துப்பாக்கி, நாள் பூராவும் நடை. நடப்பவனுக்கு வார் வேண்டும். ஒரு துப்பாக்கியைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும், அது பிரபுவுக்குச் செய்ததா, நடக்கிறவனுக்குச் செய்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ராணுவத்தில் வார் வந்த கதை இன்னும் பழையது. பதினேழாம் நூற்றாண்டில் பதினாலாம் லூயி காலத்தில் கிரெனடியே என்ற சிப்பாய்கள் உருவானார்கள். கையெறி குண்டு வீசுவது அவர்கள் வேலை. ஒரு கையில் குண்டு, மறு கையில் எரியும் திரி. அப்புறம் துப்பாக்கியை எந்தக் கையில் பிடிப்பது? ஆகவே அதை வாரில் கோத்து முதுகில் போட்டுக்கொண்டார்கள். கையெறி குண்டு வழக்கொழிந்த பிறகும் பெயர் போகவில்லை. துப்பாக்கியின் நடுப்பட்டை, வார் வளையம் தொங்கும் அந்த இரும்புப் பட்டைக்குப் பிரெஞ்சில் இன்றைக்கும் 'கிரெனதியேர்' என்றுதான் பெயர். வாரைத் தலைவழியே மாட்டித் துப்பாக்கியை முதுகில் குறுக்காகப் போட்டுக்கொள்வதையும் 'கிரெனதியேர் மாதிரி' என்றே சொல்கிறார்கள்.

இனி எங்கள் வீட்டு வாருக்கு வருகிறேன். துப்பாக்கிதான் எஞ்சினியருடையது. வார் சின்னத் தாத்தாவுடையது. அப்பாவின் சித்தப்பா அவர். முதல் உலகப் போருக்குப் பிரெஞ்சிந்தியாவிலிருந்து தன்னார்வத் தொண்டராகப் போனவர்களில் ஒருவர். கடற்கரைச் சாலையில் 1938இல் கட்டிய போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெயர் உள்ளவர்கள் திரும்பாதவர்கள். சின்னத் தாத்தா திரும்பி வந்தவர், ஆகவே அதில் இல்லை. வந்தபோது ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளிச் சட்டை, லெபெல் துப்பாக்கியின் வார் ஒன்று, இவைதான் கொண்டுவந்தாராம். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தவர் வாரை மட்டும் எப்படிக் கொண்டுவந்தார் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

1886இல் வந்த அந்த லெபெல் துப்பாக்கியோடுதான் பிரெஞ்சுச் சேனை போருக்குப் போனது. அதன் வார் நல்ல பழுப்புத் தோல். போருக்கு முன்பு தோல் சாமான்களுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுவார்களாம். போர் முற்றியதும் அதற்கெல்லாம் நேரமில்லாமல் தோலின் நிறத்திலேயே விட்டுவிட்டார்கள். ஒரு முனையில் பித்தளை இரட்டைக் குமிழ், சட்டைக் கைப்பொத்தான் போல. துளையில் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், கட்டைவிரலால் நெம்பினால் வந்துவிடும். மறு முனையில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக் கொக்கி. வாரின் உட்பக்கத்தில் ஓர் எண் அழுத்திப் பதித்திருந்தது.

சின்னத் தாத்தா போரைப் பற்றிப் பேசமாட்டார். குளிர், சேறு, இந்த இரண்டு வார்த்தைகள்தான். ஊர்ப் பெயர் கேட்டால் எதையோ சொல்வார், அது எந்த வரைபடத்திலும் இருக்காது. 1958இல் அவர் போனபின் தகரப் பெட்டி யாருக்கோ போயிற்று. கம்பளிச் சட்டையைப் பூச்சி தின்றது. வாரை அப்பா எடுத்து ரோபுஸ்தில் மாட்டினார். மாட்டியபோது பெரிய சந்தோஷம். "சேன்த் எத்தியேன் துப்பாக்கிக்கு சேனை வார்" என்று தெருவில் உள்ள ஒவ்வொருவரிடமும் காட்டினார்.

1962 மார்கழி. எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கெடு வைத்திருந்த சமயம். வீட்டுக்கு வீடு அதே பேச்சு. அப்பா கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். (கடைசியில் போடவில்லை. அதனால்தான் நான் இங்கே குமாஸ்தா ஆனேன்.) மனசு சரியில்லை என்றால் அப்பாவுக்கு ஒரே மருந்து ஏரி. எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கு வியாழக்கிழமை விடுமுறை. அந்த வியாழன் அப்பா லீவு போட்டுவிட்டு, "வாடா" என்று என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி மேற்கே திரும்பினால் பாகூர். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து நிரம்பும் ஏரி. பல்லவர் காலத்துச் செப்பேடு கிடைத்த ஊர். அந்தச் செப்பேடு பாரீசுக்குப் போய்ச் சேர்ந்தது. மார்கழியில் ஏரியில் கிளுவையும் சிறவியும் கூட்டம் கூட்டமாக இறங்கும். சுற்றியுள்ள வயல்களில் உள்ளான். உள்ளானைச் சுடுவது கஷ்டம், காலடியிலிருந்து எழும்பி வளைந்து வளைந்து பறக்கும். அப்பா சுட்டதைவிடச் சுடத் தவறியதுதான் அதிகம். அந்தக் காலத்தில் அது குற்றமில்லை. இன்று நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் அல்லவா?

கோரைக்குள் இறங்கும்போது வார் புல்லில் மாட்டிக்கொண்டு துப்பாக்கியை இழுக்கும். தோட்டா போட்ட துப்பாக்கியை ஏதோ ஒன்று இழுப்பது நல்லதல்ல. அப்பா குமிழை நெம்பி வாரைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கோ." நான் அதைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு கரைமேல் சொல்தா நடை நடந்தேன். அப்பா இரண்டு கிளுவைகளைக் கொடுத்தார். அவற்றின் காலை வாரில் கட்டித் தொங்கவிட்டேன். ரத்தம் பட்டுவிட்டது. கலிங்குக்குப் போய்க் கழுவினேன். ஈர வாரைப் பக்கத்தில் நின்ற மொட்டைப் பனையின் கருக்கில் காயப்போட்டேன். அப்போது மறுகரையில் வெடிச் சத்தம். உள்ளான் விழுந்திருக்கும் என்று ஓடினேன்.

அவ்வளவுதான். இருட்டியபின் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டியதால் வாரைப் பற்றி இருவருமே நினைக்கவில்லை. வீட்டில் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தபோதுதான் அப்பா கையை நீட்டினார். நான் நின்றேன். அம்மா, "என்னடா?" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

விடிவதற்கு முன் திரும்பப் போனோம். பனை இருந்தது. வார் இல்லை. மாடு மேய்க்கும் பையன்களை விசாரித்தோம். ஒருவனும் பார்க்கவில்லை என்றார்கள். ஒரு பெரியவர், "தோலாங்க? எவனாச்சும் மாட்டுக் கழுத்துல மணி கட்ட எடுத்துக்கிட்டுப் போயிருப்பான்" என்றார். அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷம், பாகூர்ப் பக்கம் எந்தச் சந்தைக்குப் போனாலும் அப்பா மாடுகளின் கழுத்தைப் பார்ப்பார். விலை விசாரிக்கிறவர் போலக் குனிந்து பார்ப்பார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சில வாரம் துப்பாக்கியைக் கயிற்றில் கட்டித் தூக்கினார். கயிறு தோளை அறுத்தது. அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அட்சுதான் பெரியப்பா தெருவைத் தாண்டி வந்தார். உறவு இல்லை, தெருவுக்கே பெரியப்பா. அட்சுதான் என்பது பிரெஞ்சுப் படையில் அவருடைய பதவி. இந்தோசீனாவில் இருந்தவர்.

"என்ன தம்பி, தண்ணி எறைக்கப் போறியா? கயித்துல கட்டியிருக்க."

"வார் தொலைஞ்சிடுச்சி அண்ணே."

பெரியப்பா என்னைப் பார்த்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, வார் என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். அதில் எனக்கு நினைவிருப்பதையும், பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வார் என்பது தூக்குவதற்கு மட்டும் இல்லை என்றார். சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கு அது தூக்குகிற வேலைதான் பெரும்பாலும். ஒற்றைத் தோட்டாவைத் தூரத்துக்கு அனுப்பும் ரைபிளில் அப்படியில்லை. வாருக்குள் இடது கையை நுழைத்து முழங்கைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் துப்பாக்கியின் பாரம் தசையில் இறங்காமல் வாரில் இறங்கும். தசை நடுங்கும், தோல் நடுங்காது. அமெரிக்கர்கள் 1907இல் கொண்டுவந்த ராணுவ வார் இதற்காகவே இரண்டு துண்டாகச் செய்தது. இரட்டை இரட்டையாக வரிசைத் துளை, அதில் மாட்டக் கொக்கி. ஒரு துண்டு கையைப் பிடிக்கும், மற்றது நீளத்தைச் சரிசெய்யும்.

குதிரைப்படைத் துப்பாக்கியில் வார் அடியில் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும். அப்போதுதான் முதுகில் தட்டையாகப் படியும், குதிரை ஓடும்போது முதுகெலும்பில் இடிக்காது. பெரியப்பா இந்தோசீனாவில் தூக்கிய மாஸ் 36 துப்பாக்கியிலும் வார் இடது பக்கத்தில்தான். இங்கிலீஷ்காரர்கள் தோலை விட்டுவிட்டுப் பருத்தி நாடாவுக்குப் போனார்கள். மலிவு, தட்டினால் சேறு போய்விடும். ஆனால் நனைந்தால் இறுகும் என்று பெரியப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. யானை, காட்டெருமைக்கான பெரிய ரைபிள்களில் முன் வளையத்தைக் கைபிடிக்கும் கட்டையில் வைக்காமல் இன்னும் முன்னால் தள்ளிக் குழலிலேயே வைப்பார்களாம். வெடித்து உதைக்கும்போது கட்டையில் வளையம் இருந்தால் பிடித்திருக்கும் கைவிரலைப் பெயர்த்துவிடும்.

தானியங்கி வாரைப் பற்றி அப்பா ஆசையோடு கேட்டார். பெரியப்பா சிரித்தார். "நம்ம ஊரு உப்புக் காத்துக்கு அந்த வில்லு ஒரு மழைக்காலம் தாங்குமா? உள்ளே துரு ஏறிச்சின்னா தண்டையே அறுக்கணும். ஜட்கா வண்டிக்குச் சேணம் தைக்கிறவர்கிட்ட போவலாம் வா."

சேணம் தைக்கும் பெரியவர் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தார். ஜட்கா குறைந்துகொண்டே வந்த காலம், வேலை இல்லாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று தோல் எடுத்துப் போட்டார். அன்றைக்கு அங்கே நடந்தது எனக்கு ஒரு பரீட்சையைப் பார்ப்பது போல இருந்தது.

முதல் தோலைப் பெரியப்பா மயிர்ப்பக்கம் வெளியே தெரியும்படி மடித்தார். மடிப்பில் வெடிப்பு ஓடியது. தள்ளிவிட்டார். இரண்டாவது பார்க்கப் பளபளவென்று நீலம் கலந்த சாம்பல் உள்ளோட்டம், குரோம் பதனிட்டது. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற துரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அறிமுகப்படுத்திய முறை அது. பல்லாவரத்துக்குப் பக்கத்தில் வந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர். தண்ணீர் பட்டால் கவலையில்லாத தோல், பூட்சுக்கு நல்லது. ஆனால் இழுத்தால் ரப்பர் போலக் கொஞ்சம் வரும். வார் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால் துப்பாக்கி முழங்காலைத் தட்டும்.

மூன்றாவது ஆவாரம்பட்டைத் தோல். நம் தமிழ்நாட்டுப் பழைய பதனிடும் முறை. ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டுக் கடுக்காயில் முடிப்பது. சென்னையிலிருந்து லண்டனுக்குப் போய் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயரெடுத்த சரக்கு இதுதான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்சுக்கு மேல்தோலாகப் போனதும் இதுவே. அதிலும் எந்த இடத்தில் வெட்டுவது என்பது முக்கியம் என்றார் சேணக்காரர். வயிற்றுத்தோல் தொளதொளவென்று இழுபடும். முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் வெட்டினால்தான் நீளாது. ஒரு பட்டையை ஆணியில் மாட்டி, மறு முனையைக் காலில் சுற்றி முழு பாரத்தையும் போட்டு இழுத்துக் காட்டினார்.

அகலத்துக்கு அப்பாவின் இரண்டு விரல் அளவு. அதற்குக் குறைந்தால் தோளை அறுக்கும், கூடினால் வளையத்தில் திரும்பாது. தடிமன் முன்பக்கம் வளையத்தில் மடியும் இடத்தில் மட்டும் சீவிக் குறைக்க வேண்டும். வார் அறுவது நடுவில் அல்ல, அந்த மடிப்பில்தான். வியர்வையும் இரும்புத் துருவும் சேர்ந்து அங்கே தின்றுவிடும். ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் விரலால் தடவிப் பார்க்க வேண்டிய இடம் அது ஒன்றுதான் என்று பெரியப்பா இரண்டு தரம் சொன்னார். பித்தளைச் சாமான் போட்டால் தோல் எண்ணெயோடு சேர்ந்து பச்சைக் களிம்பு ஏறும், துடைத்தால் போய்விடும். பளபளக்கும் சாயம் கூடாது, பறவை பார்த்துவிடும். தேங்காயெண்ணெய் போடக் கூடாது, தோல் துவண்டு எலி வரும். விளக்கெண்ணெய் ஒரு துளி, துணியில் தொட்டு, வருஷத்துக்கு ஒருமுறை. நீளம், தோளில் மாட்டி நிற்கும்போது தண்டின் அடி இடுப்பெலும்பைத் தட்டாத அளவு.

மெழுகு தேய்த்த நூலால் சேணக்காரர் தைத்தார். ஒரே நூலில் இரண்டு ஊசி, குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிரியாது. குமிழை மட்டும் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து பெரியப்பா தேடிக்கொண்டு வந்தார். அது உண்மையான பிரெஞ்சுக் குமிழ்.

எல்லாம் முடிந்தபின் சேணக்காரர், "பேர் ஏதாச்சும் பதிக்கணுமா? ஆவாரந்தோலு, அழுத்தினா நிக்கும்" என்று கேட்டார்.

பெரியப்பா அப்பாவிடம், "உன் சித்தப்பா மத்ரிகுல் நம்பரைப் போடச் சொல்லு தம்பி. பழைய வாருல உள்பக்கம் இருந்திச்சே, அதான்" என்றார். மத்ரிகுல் என்றால் படையில் ஒவ்வொரு ஆளுக்கும் கொடுக்கும் பதிவேட்டு எண். உடுப்பு, தோல் சாமான் எல்லாவற்றிலும் அதைக் குறித்துவைப்பார்கள்.

அப்பாவுக்கு எண் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். கேட்டலாகில் ஒவ்வொரு எண்ணையும் மனப்பாடம் பண்ணுகிறவன் ஆயிற்றே. "ஏழுல தொடங்கும்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். ரத்தக் கறையும் தண்ணீரும்தான் வந்தன. சேணக்காரர் எண்ணுக்கென்று இரண்டு கோடு கிழித்து இடம் விட்டுவைத்தார். "ஞாபகம் வந்ததும் எடுத்துக்கிட்டு வாங்க." அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பேரன் முதலில் கேட்டது பெல்ட்டைப் பற்றி. இரண்டாவதாகக் கேட்டது அந்த இரண்டு கோட்டைப் பற்றி.

துப்பாக்கியின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். இந்தியச் சட்டங்கள் வந்தன, உரிமம் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது, 16 காலிபர் தோட்டா கிடைப்பது அரிதாயிற்று. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். அதற்குள் அப்பாவே ஏரிக்குப் போவதைக் குறைத்துவிட்டார். 1978இல் அப்பா காலமானபின் சட்டப்படி துப்பாக்கியை ஒப்படைத்தோம். எனக்கு உரிமம் எடுக்கும் ஆசை இல்லை, அது ஒரு வியாபாரி மூலம் விலைபோனது. வாரைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தேன். 1991 திருத்தத்தோடு வேட்டை உரிமங்களுக்கே முற்றுப்புள்ளி விழுந்தது. மனுஃப்ரான்சும் அதற்குள் மூழ்கிப்போயிருந்தது.

என் மகள் கல்யாணமாகிப் பிரான்சில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது பாரீசில் ஏன்வலீத் ராணுவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். நெப்போலியன் கல்லறையைப் பார்க்க வந்த கூட்டம். நான் முதல் உலகப் போர்க் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். லெபெல். அடியில் வார். பழுப்புத் தோல், பித்தளைக் குமிழ். உட்பக்கம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். மகள், "என்னப்பா தேடுறீங்க?" என்றாள். பாகூர்ச் சந்தையில் மாட்டுக் கழுத்தைப் பார்த்து அப்பா குனிந்தது போலவே நானும் குனிந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்ததும், சின்னத் தாத்தா எந்தப் படைப்பிரிவில், எங்கே இருந்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது. இறந்தவர்களுக்குக் கல்லில் பெயர் இருக்கிறது. பிழைத்து வந்தவருக்குப் பதிவேடுதான். பிரான்சில் உள்ள ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் பிரெஞ்சிலேயே எழுதினேன். பள்ளியில் படித்த பிரெஞ்சு, துணை வினையில் ஒரு தப்பும் இல்லாமல் எழுதியிருப்பேன் என்று நம்புகிறேன். ஒரு படிவம் வந்தது. பெயர், பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, சேர்ந்த ஆண்டு, மத்ரிகுல் எண்.

பெயரை எப்படி எழுதுவது? நம் பெயர்களை அந்தக் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ள, ல இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஒரே பெயர் நாலு விதமாக இருக்கும், நாலு பேர் ஒரே பெயரில் இருப்பார்கள். பிறந்த ஆண்டு உத்தேசம்தான். அவர்கள் தேடிப் பிடிக்கத் தேவையானது கடைசிக் கட்டம் ஒன்றுதான். முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கட்டம் நிரப்பாத மனுக்களை எத்தனை பேருக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. '7' என்று ஒரு எழுத்து போட்டு, பக்கத்தில் புள்ளிகள் வைத்து அனுப்பினேன்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். இந்த விவரங்களைக் கொண்டு ஆளை உறுதிசெய்ய இயலவில்லை, முழு எண் கிடைத்தால் மறுபடியும் எழுதவும் என்றிருந்தது. அதைக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். பேரன் வாரைத் தன் கித்தாருக்குக் கேட்டான். ஒரு துளை கூடுதலாகப் போட வேண்டுமாம். போட்டுக்கொள், அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் மட்டும் போடாதே என்று சொல்லிக் கொடுத்தேன்.